றெஜினா டீச்சரின் செம்மஞ்சள் கரைசல்

வட்டவளையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது செல்வம் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் பாடசாலை வேன் சாரதி. "டீச்சர், நம்ம கெமிஸ்ட்ரி டீச்சர் யாழ்ப்பாணத்துல தவறிட்டாங்களாம்" என்று சொல்லி அழுதார்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் றெஜினா டீச்சரோடு பழகிய உங்களுக்கு அவருடைய குரோமியப் பைத்தியம் தெரியும். தண்ணீர்க் குழாயின் பளபளப்பு, அதிபரின் தோல் சப்பாத்து, கூரைக்கு அடித்த பச்சைப் பெயின்ட் என்று எதைப் பார்த்தாலும் குரோமியம் என்பார். தமிழ் படிப்பிக்கும் என்னையும் விட்டுவைக்கமாட்டார். ஆனால் இருகுரோமேற்று என்ற செம்மஞ்சள் நிறக் குரோமிய உப்புப் போத்தலை மட்டும் பூட்டியே வைத்திருப்பார். "இது நஞ்சு. கழிவுத்தண்ணிக் கானிலை ஊத்தினா கீழை லயத்து வீடுகளிலை இருக்கிற சனம்தான் குடிக்கும்" என்பார்.

ஒரு மழைக் காலையில், செல்வம் குடித்துவிட்டு வேன் ஓட்டுகிறார் என்று பெற்றோர் சங்கத் தலைவர் கொதித்துக்கொண்டு வந்தார். செல்வத்திடம் சாராய நெடி அடித்தது உண்மைதான். "மாமனார் சுவெட்டருங்க, அவருதான் குடிப்பாரு. குளிருக்கு மாட்டிக்கிட்டு வந்தேன், சத்தியமா குடிக்கலைங்க" என்று அவர் கெஞ்சியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அன்றோடு வேலை போய்விடும் நிலை.

டீச்சர் ஆய்வுகூடத்திலிருந்து அமிலம் கலந்த இருகுரோமேற்றுக் கரைசலையும் பலூன்களையும் கொண்டுவந்தார். பலூனில் ஊதிய மூச்சைக் கரைசலுக்குள் விட வேண்டும். மூச்சில் மதுசாரம் இருந்தால் செம்மஞ்சள் பச்சையாகும். "இவரை மட்டும் ஊதச் சொன்னா அது அவமானம். எல்லாரும் ஊதுவம்" என்று முதல் பலூனைத் தானே ஊதினார். அவருடைய கரைசல் நிறம் மாறவில்லை. செல்வத்தினுடையதும் மாறவில்லை. தலைவருடையது பச்சையாகிவிட்டது!

தலைவர் அவசரமாக இருமிக் காட்டினார். "அரிஷ்டம்ங்க டீச்சர்! இருமலுக்கு இப்பத்தான் ஒரு மூடி குடிச்சேன்."

எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "உங்கட அரிஷ்டத்தை நான் நம்புறன் ஐயா. செல்வத்தின்ரை சுவெட்டரை நீங்கள் நம்புங்கோ."

தலைவர் பறித்து வைத்திருந்த வேன் சாவியை எடுத்துச் செல்வத்தின் கையில் கொடுத்தார். செல்வம் இன்றைக்கும் அதே வேனைத்தான் ஓட்டுகிறார்.

டீச்சரை நினைத்தால் துக்கத்தைவிட நிறைவுதான் எனக்குக் கூடுதலாக இருக்கிறது. குரோமியம் பற்றி அவர் சொன்னதில் பாதி மறந்துவிட்டது. ஒன்றை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். யாரையாவது சோதித்துப் பார்க்க வேண்டி வந்தால், வரிசையில் முதல் ஆளாக நான் போய் நின்றுகொள்கிறேன்.