வேன் தூங்கிய சனிக்கிழமை

சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டை வீடுவீடாக அனுப்பும் கடை ஒன்றில், போன் எடுக்கும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள் சிவகாமசுந்தரி. பிள்ளை பிறந்த பிறகு பகுதிநேரமாகப் படித்து, கடையின் கம்ப்யூட்டர் சிஸ்டத்தையே கவனிக்கும் இடத்துக்கு வந்தாள். 'போன் எடுத்த பொண்ணுக்கு இதெல்லாம் வருமா?' என்று முகத்துக்கு நேரே கேட்ட புண்ணியவான்களும் உண்டு.

பழைய சிஸ்டத்தில் எல்லாம் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும். ஆர்டர் வந்தால் ஆங் மோ கியோவில் இருக்கும் சமையலறையைக் கேட்கும். சமையலறை, வேன் அனுப்பும் புரோகிராமைக் கேட்கும். அது பதில் சொன்னால்தான் வாடிக்கையாளருக்குச் 'சரி' போகும். போன வருடம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, லிட்டில் இந்தியாவே சைவச் சாப்பாட்டுக்கு அலைமோதிய நேரத்தில், வேன் புரோகிராம் படுத்துக்கொண்டது. கூடவே கடையும் படுத்துக்கொண்டது. முதலாளி துரைசாமி பழியைத் தூக்கி இவள் தலையில் போட்டார்.

ஒன்றை ஒன்று பிடித்து நின்ற அந்தக் கட்டை சுந்தரி அவிழ்த்து, சிஸ்டத்தைப் புதிதாக எழுதினாள். 'ஆர்டர் வந்துவிட்டது' என்று சிஸ்டம் ஒருமுறை அறிவித்துவிட்டு அடுத்த ஆர்டரைப் பார்க்கப் போய்விடும். அறிவிப்பு வரிசையில் கிடக்கும். சமையலறையும் வேனும் அவரவர் வேகத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

"இந்த மூணாம் சனிக்கிழமை ஓடணும், சுந்தரி. இல்லாட்டி திங்கக்கிழமை வெளி கம்பெனிகிட்ட சிஸ்டம் வாங்கிருவேன். நீ பழையபடி போன் எடுக்கலாம்" என்றார் துரைசாமி.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வேன் புரோகிராம் மறுபடியும் படுத்துக்கொண்டது.

துரைசாமி கையில் போனோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். எந்தச் சிக்கலுக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கடையை மூடுவதுதான். "ஆர்டர நிப்பாட்டு! ஆங் மோ கியோ கிச்சனுக்குச் சொல்லி உலைய இறக்கச் சொல்றேன்!"

"போனக் கீழ வைங்க, பாஸ்!"

வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பது வருடத்தில் அவரை அவள் அதட்டியது அதுதான் முதல்முறை. "ஆர்டர் வந்துக்கிட்டே இருக்கு, கிச்சன் சமைச்சுக்கிட்டே இருக்கு. வேன் மட்டும்தான் தூங்குது. அதுக்குச் சேர வேண்டியது வரிசையில பத்திரமா இருக்கு லா."

சொல்லிவிட்டுத் திரைமுன் உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கோளாறைத் தேடினாள். இருபது நிமிடத்தில் வேன் புரோகிராம் எழுந்தது. காத்திருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு ஆர்டர்களும், வந்த வரிசை மாறாமல் ஓட்டுநர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கும் தெம்பனிஸ், பாசிர் ரிஸ் வரை ஒரு இலைகூடத் தவறவில்லை.

துரைசாமி திரையில் காலியான வரிசையைப் பார்த்தார். பிறகு வெளி கம்பெனிக்காரரை அவரே போனில் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை வர வேணாம் லா. எங்க சிஸ்டத்த எழுதுனவங்க எங்க கடையிலயே இருக்காங்க."