என் ரிசல்ட்டை நானே கூவினேன்

செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் ஒரே மூச்சில் ஏறியவன் நான். பொய். பாதியில் குரங்கு என் பொரிப் பொட்டலத்தைப் பிடுங்கியது; அதையே சாக்காக வைத்து இறங்கிவிட்டேன்.

எனக்குப் படிப்பு கிடையாது, தொண்டை உண்டு. ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் கூவுவது தொழில். போன மாதம் புற்றுநோய் முகாமுக்குக் கூவினேன். கைப்பேசி அளவில் ஒரு பயோசென்சர் கருவி. ஒரு சொட்டு ரத்தம் வைத்தால், நோய் தொடங்கும்போதே கூடுகிற புரதத்தைக் காட்டிவிடுமாம். ஒருவரும் வரவில்லை. ஆள் சேர்க்க என் விரலையே நீட்டினேன்.

டாக்டரம்மா மெல்லச் சொன்னார்: "அந்தப் புரதம் கூடுதலா இருக்குதுண்ணே. இதுவே முடிவில்ல. பெரிய ஆஸ்பத்திரில பாத்துடணும்."

கூட வந்திருந்த மனைவி என் கையைப் பிடித்தாள். "வெளிய சொல்லாதய்யா. பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குற நேரம்."

பக்கத்தில் நின்ற மகள் முறைத்தாள். "இதுக்கு ஓடுற மாப்பிள்ள ஓடட்டும். நீ சொல்லு நைனா."

ஊரார் கல்யாணம், சாவு எல்லாம் கூவியவன், என் சேதியை விழுங்குவதா? மைக்கை எடுத்தேன்.

"எனக்கு கேன்சரா இருக்கலாம்னு மெஷின் சொல்லுது! நான் இன்னும் சாவல, கத்திக்கினுதான் இருக்கிறேன்! வந்து விரல நீட்டுங்கய்யா!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். வரிசையில் முதலில் போய் நின்றதும் அவள்தான்.

இப்போது ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் சொல்லச் சொல்ல, மகள் இதை எழுதுகிறாள். அன்றைக்கு மனைவிக்குப் பின்னால் யார் வந்து நின்றார்கள் என்றால்...

"மைக் செட்டு அண்ணே! ரிசல்ட் வந்துடுச்சு, உள்ள வாங்க!"

நர்ஸ் கூப்பிடுகிறார். போகிறேன். எதுவாக இருந்தாலும் மைக்கில்தான் சொல்வேன்.