ஆர்லிஸின் ரிவால்வருக்கு டெல்மரின் தோட்டா

காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் டெல்மர் ஹாகனின் பெயருக்கு நேராக, ‘அபாயகரமான பொழுதுபோக்கு உடையவர், வெடிபொருளோடு புழங்குபவர்’ என்று எழுதியிருக்கிறது. அதற்காகத் தவணையும் கூடுதலாகக் கட்டுகிறார். இந்த அபாயகரமான மனிதர் சோடா புட்டி திறப்பதற்கு முன் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்கிறார். வாசற்படியில் பனி உறைந்தால் உப்புத் தூவுவார், உப்பின் மேல் மணல் தூவுவார், பிறகு பின்வாசல் வழியாக வெளியே போவார்.

டெல்மர் எதையாவது உறுதியாகச் சொல்லி வடக்கு டகோட்டாவில் யாரும் கேட்டதில்லை. மூக்கு விறைத்து விழும் குளிரில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் குளிரும்போல இருக்கு” என்பார். திருமணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கு, “சம்மதம்னுதான் நினைக்கிறேன்” என்று பதில் சொன்னதாக அவர் மனைவி ஆர்லிஸ் சொல்கிறார். டெல்மர் மறுக்கிறார், உறுதியில்லாமல்.

கராஜில் காருக்கு இடமில்லை. அங்கே மேசையில் தோட்டா நிரப்பும் கைப்பிரஸ் ஒன்று திருகப்பட்டிருக்கிறது. சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, அடியில் தட்டினால் பொறி தரும் புதிய பொட்டு பதித்து, வெடிமருந்து அளந்து ஊற்றி, வாயில் ஈயக்குண்டை அழுத்தி உட்கார வைப்பார். குண்டு உட்காரும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கைவிளக்கு அடித்துப் பார்ப்பார். பார்த்ததை இன்னொரு முறை பார்ப்பார். இப்படி ஆயிரக்கணக்கில் தோட்டா செய்கிற மனிதருக்குச் சுடுவதில் ஆர்வமில்லை. சத்தம் பிடிக்காதாம்.

அந்த வீட்டில் சுடுவது ஆர்லிஸ்தான். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் குட்டைக்குழல் ரிவால்வர். குழல் அவருடைய ஆள்காட்டி விரலைவிடக் குறைவு. இந்த மாதிரித் துப்பாக்கிகளில் உருவம் எவ்வளவு சிறிதோ, சுடும்போது கையில் விழும் உதை அவ்வளவு பெரிது. ஆனால் ஆர்லிஸ் சுட்டது எப்போதும் கடைத் தோட்டாதான். எங்கள் சுடுமன்றத்தில் ஒருவருடைய பல்செட்டை இன்னொருவர் இரவல் வாங்கினாலும் வாங்குவாரே தவிர, ஒருவர் வீட்டில் நிரப்பிய தோட்டாவை இன்னொருவர் சுடமாட்டார்.

“டெல்மரைத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அவன் தோட்டாவை இல்ல” என்பார் ஆர்லிஸ்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. மணமான புதிதில் டெல்மர் நிரப்பிய தோட்டா ஒன்றில் மருந்தே இல்லை. பொட்டு மட்டும் வெடித்து, குண்டு பாதி வழியில், மாமனாருடைய ரிவால்வர் குழலில் சிக்கிக்கொண்டது. மாமனார் அதைத் தட்டி வெளியே எடுக்கும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையான ஏச்சு கிடையாது.

இந்தக் குளிர்காலத்தில் ஆர்லிஸின் கட்டைவிரல் மூட்டு வீங்கிவிட்டது. சுடுவதை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். கடையில் ‘மென்மையானது’ என்று விற்ற தோட்டாவைச் சுட்டுப் பார்த்துவிட்டு, ஆர்லிஸ் பேருந்து ஓட்டிய காலத்துக் கெட்டவார்த்தை ஒன்றைச் சொன்னார். புதன்கிழமைப் பெண்கள் அணியிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொன்னார். டெல்மர் கராஜுக்குள் போனார். மருந்தை மாற்றினார், குண்டை மாற்றினார், அளவைக் குறைத்தார், கொஞ்சம் கூட்டினார். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தார்.

“இது உதைக்குமா?”

“உதைக்காதுன்னு நினைக்கிறேன்.”

“வெடிக்குமா?”

“வெடிக்கும்னுதான் நினைக்கிறேன்.”

ஆர்லிஸ் பெட்டியையும் தன் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அணியில் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்.

பருவத்தின் கடைசிப் போட்டி, பக்கத்து ஊர் வெர்னா ஸ்காரின் அணியோடு. ஆர்லிஸ் முதல் தோட்டாவைச் சுடும்போது இருபுறமும் நின்றவர்கள், ஏதோ ஞாபகம் வந்தவர்களைப் போல, இரண்டடி பின்னால் போனார்கள். இரண்டாவதற்குப் பிறகு திரும்பி வந்தார்கள்.

“டெல்மர்! எலி தும்மின மாதிரி இருக்கு!” என்று கத்தினார் ஆர்லிஸ். இலக்கு அட்டையின் நடுவில் ஓட்டைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஓரின் டெல்மரின் காதோரம் குனிந்து, “உன் ஏணி இன்னும் என்கிட்டயே கிடக்குப்பா. நாளைக்குக் கொண்டாந்து தரேன்” என்றார்.

டெல்மர் ஆர்லிஸ் பக்கம் திரும்பினார்.

“நிறுத்து!” என்றார். ‘என்று நினைக்கிறேன்’ பின்னால் வரவில்லை.

ஆர்லிஸ் ரிவால்வரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். “நான் ஜெயிச்சுக்கிட்டிருக்கேன், டெல்மர்.”

“தெரியும். இவன் ஏணி கேட்டு வந்தப்போ நான் மருந்து ஊத்திக்கிட்டிருந்தேன். பாதியில எழுந்து போயிட்டேன். திரும்பி வந்து எந்தக் கூட்டுலேர்ந்து ஆரம்பிச்சேன்னு ஞாபகமில்ல.”

“விளக்கடிச்சுப் பார்த்திருப்பியே?”

“பார்த்தேன்னுதான் நினைக்கிறேன்.”

அவ்வளவு குறைந்த மருந்து கூட்டின் அடியைத்தான் மூடும். ஒரே கூட்டில் இரண்டு முறை விழுந்தாலும் வழியாது. தராசில் வைத்தாலும் பித்தளையின் ஏற்ற இறக்கத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். அப்படி இரட்டை மருந்து விழுந்தது ஒன்று பெட்டியில் இருந்தால் ரிவால்வர் பிளக்கும், பிடித்திருக்கும் கையோடு. ஆர்லிஸ் தோட்டாக்களைக் கொட்டிக் கொடுத்தார். கடைத் தோட்டாவைக் கட்டைவிரல் தாங்காது. கோப்பை வெர்னாவுக்குப் போயிற்று. வீடு திரும்பும் வழியெல்லாம் ஆர்லிஸ், அவருடைய அப்பாவைப் போலவே பேசாமல் வந்தார்.

மறுநாள் கராஜில் சுத்தியல் சத்தம். அந்தச் சுத்தியலின் தலைக்குள் தோட்டாவைச் செருகி ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் தனியே கழன்று விழும். டெல்மர் ஒவ்வொன்றாக உடைத்து, மருந்தை நிறுத்துப் பார்த்தார். ஏணியோடு வந்த ஓரின் கடைசித் தோட்டாவரை நின்று வேடிக்கை பார்த்தார். எல்லாம் கச்சிதமாக இருந்தன.

“ஒன்னு இருந்துதுன்னு சொல்லிடேன்,” என்றார் ஓரின். “எவன் வந்து பார்க்கப் போறான்? இல்லேன்னா ஆர்லிஸ் இன்னும் முப்பது வருஷம் உன் தோட்டாவைத் தொடமாட்டா.”

“ம்,” என்றார் டெல்மர். எங்கள் ஊரில் இதற்கு ஆமாம், இல்லை, மழை வரும் ஆகிய மூன்று பொருளும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் பான்கேக் காலை விருந்து. கோப்பை வென்ற தாராளத்தில் வெர்னாவும் வந்திருந்தார். காபிக் கோப்பையைத் தூக்கி, “டெல்மர் மட்டும் அன்னிக்குக் கத்தலேன்னா, ஆர்லிஸ் இன்னிக்கு இடக்கையால சாப்பிட்டுக்கிட்டிருப்பா!” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பெட்டியில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆர்லிஸும் கேட்கவில்லை. டெல்மர் பேசாமல் சாப்பிட்டிருக்கலாம்.

முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். “எல்லாத்தையும் உடைச்சுப் பார்த்துட்டேன். ஒன்னுலயும் தப்பு இல்ல. சும்மாதான் நிறுத்தினேன்.”

ஓரின் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். “கோப்பையைத் திருப்பித் தரமாட்டேன்!” என்றார் வெர்னா.

ஆர்லிஸ் மட்டும் தட்டில் பாகு ஊற்றிக்கொண்டே கேட்டார்: “எல்லாத்தையுமா உடைச்ச?”

“எல்லாத்தையும்.”

“அப்போ திரும்ப நிரப்பு. புதன்கிழமைப் பயிற்சிக்கு வேணும்.”

“வேணும்னா கொஞ்சம் வேற மருந்து போட்டு...”

“அதேதான்.”

அன்று மத்தியானம் டெல்மர் கராஜ் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, அத்தனையையும் திரும்ப நிரப்பினார்.