மிளகாய் அறைப் பேய்

பள்ளிக்கூடங்களுக்குக் கதைப் புத்தகப் பெட்டி தூக்கிக்கொண்டு போகிற வேலை எனக்கு. பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, பேய்க்கதை இருக்கா?" என்பதுதான். தேடி எடுத்துக் கொடுப்பேன். ஆனால் நானே ஒரு பேய்க்குக் கதை படித்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. கோடை விடுமுறைக்குப் பெரியய்யா, பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். இராமநாதபுரத்துக்குத் தெற்கே, கடற்காற்று மட்டும் வந்து கடல் கண்ணில் படாத ஊர். வீட்டின் பின்கட்டில் மிளகாய் மூட்டை அடுக்கும் அறை ஒன்று இருந்தது. எப்போதும் வெளியே தாழ் போட்டிருக்கும். பெரியய்யாவுக்கு இரண்டு பெண்கள். பெரியக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னக்கா மதுரையில் விடுதியில் தங்கிப் படிப்பதாகச் சொன்னார்கள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. விடுமுறைக்குக்கூட வீட்டுக்கு வராமல் அப்படி என்ன படிப்பு என்று கேட்கத் தோன்றவில்லை. என் மண்டை அவ்வளவுதான்.

கையில் டீச்சர் கொடுத்த படப்புத்தகம் இருந்தது. நடக்க முடியாத பெண் ஒருத்தி சக்கர நாற்காலியைக் கரையில் விட்டுவிட்டு, நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன அப்பாவைத் தேடிப் படகு ஓட்டிப் போவாள். அவள் அண்ணன் வீட்டில் மீன்குழம்பு வைப்பான். படத்தைப் பார்த்த பெரியம்மா, "ஆம்பளப் புள்ள அடுப்படியில, நொண்டிப் புள்ள கடலுக்குள்ள! நல்லா எழுதுறாய்ங்க" என்று சிரித்தாள். சிரித்தவள், சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

உச்சி வெயிலில் வீடே கண்ணயர்ந்த பிறகு, பின்கட்டு நிழலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். முதல் நாளே கேட்டது. அறைக்குள் எதையோ தரையோடு இழுக்கிற சத்தம். இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. நான் படிப்பதை நிறுத்தினேன். மூச்சு கேட்டது. பிறகு ஒரு தும்மல். எலி தும்முமா?

பெரியம்மாவிடம் ஓடினேன். "உச்சிப் பொழுதுல அங்கன எதுக்குடி போன? அது காத்துக்கருப்பு. வெளிய சொன்னா நாக்கு இழுத்துக்கும்" என்றாள். ஆனாலும் மறுநாள் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் படிப்பதை அவ்வளவு கவனமாக வேறு யாரும் கேட்டதில்லை.

பெண் பார்க்க வந்த அன்று கரண்ட் போய்விட்டது. வந்தவர்கள் புழுக்கம் தாங்காமல், நாற்காலிகளைத் தூக்கிப் பின்கட்டு நிழலில் போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, "என்னாத்தா புஸ்தகம்? படி, கேப்போம்" என்றாள். பெரியம்மா வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். எனக்கா அது புரியும்? நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன்.

"'உன்னால் நடக்கவே முடியாதே, எப்படிப் போவாய்?' என்று கரையில் நின்றவர்கள் கேட்டார்கள்."

பக்கத்தைத் திருப்ப விரலில் எச்சில் தொட்டேன். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"படகுக்குக் கால் எதற்கு? கை போதும்."

புத்தகத்தில் இருந்த வரி, எழுத்துப் பிசகாமல். அதற்கப்புறம் புத்தகத்தில் இல்லாத ஒன்று: "நானும் வாரேன்."

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனபடியே, "உள்ள யாரு?" என்றாள்.

பெரியய்யாவுக்கு வேர்த்துவிட்டது. "அது... அந்த ரூம்ல ஒரு பேய் இருக்குங்க, ரொம்ப நாளா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீயும் கேட்டுருக்கேல்ல? சொல்லு."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா, தெனமும் மத்தியானம் தரையில இழுத்துக்கிட்டே வரும். சத்தியமா பேய்தான்" என்றேன்.

"அம்புட்டுத்தானா!" என்று அந்த அம்மா மூச்சு விட்டாள். "நான்கூட வேற என்னமோன்னு பயந்துட்டேன். எங்க வீட்டுக் கெணத்துலயும் ஒண்ணு கெடக்கு. எலுமிச்சம்பழத்தக் கட்டுங்க, அடங்கிரும்."

அன்றைக்கே பூ வைத்து உறுதி செய்துவிட்டுத்தான் போனார்கள். பேய் இருக்கிற வீட்டில் பெண் எடுக்க அவர்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. கால் விளங்காத தங்கை இருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் பாதிக் காபியிலேயே எழுந்து போயிருப்பார்கள். சின்னக்கா மதுரைக்குப் போகவே இல்லை, அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள் என்று பெரியக்கா என்னிடம் அழுதுகொண்டே சொல்ல இன்னும் ஆறு வருஷம் ஆனது.

சாயங்காலம், சாட்சி சொன்ன பிள்ளையே கட்டட்டும் என்று பெரியய்யா என்னைத் தூக்கிப் பிடித்தார். அந்த அறைக் கதவின் நிலையில் எலுமிச்சம்பழத்தைக் கட்டினேன். அவர் என்னை இறக்கிவிட்டு அந்தப் பக்கம் போனதும், கதவின் அடி இடுக்கில் நாலு விரல்கள் வெளியே வந்தன. நகமெல்லாம் மிளகாய்ச் சிவப்பு.

"ஏத்தா, நாளைக்கும் படிப்பியா?"

புத்தகத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். அவ்வளவு பேர் முன்னால் நான் சத்தியம் செய்தும், அந்தப் பேய்க்கு என்மேல் ஏன் கோபமே வரவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.