பட்டாளத்துப் பாறையில் நான் வைத்த உளி

இதைக் கொத்தியது யார் என்று கொழும்பிலிருந்து வந்த அதிகாரி சிங்களத்தில் கேட்டதும், நான்தான் என்று பெருமையாக ஓர் எட்டு முன்னால் போய் நின்றேன். மடையன்! என் புத்தியைச் செருப்பாலேயே அடிக்க வேண்டும்.

தலவாக்கலைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் கிடந்தது அந்தப் பாறை. கண்டி ராஜா காலத்தில் அங்கே பெரிய சண்டை நடந்ததாம். பாறை முழுக்கக் குதிரைகளும் ஈட்டிக்காரர்களும். யார் செதுக்கியதோ, எங்களுக்கு அவர்கள் பட்டாளத்துச் சாமிகள். பெண்கள் முதலில் கிள்ளிய கொழுந்தை அங்கே வைத்துவிட்டுத்தான் கூடையை நிரப்பத் தொடங்குவார்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த என் மனைவி, மூன்றாவது தங்கினால் அங்கேதான் முதல் முடி இறக்குவதாக நேர்ந்திருந்தாள். பிள்ளை தங்கினான். மொட்டைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, லொறி ரோடு போடப் பாறையை வெடிவைத்து உடைக்கப் போவதாகத் தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

எங்கள் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை நல்ல மனுஷன். கொழும்புக்கு மனு எழுதிப் போட்டார். பழங்காலத்துக் கற்களைப் பாதுகாக்கிற அதிகாரி வந்து பார்ப்பார், பழைய வேலைதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் யாரும் பாறையில் கைவைக்க முடியாது என்றார். எனக்கோ வேறு கவலை. மழையிலும் வெயிலிலும் உருவங்கள் தேய்ந்து மங்கியிருந்தன. வருகிறவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாவிட்டால்?

எனக்கு அம்மி கொத்தத் தெரியும். அம்மி தேய்ந்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தேய்ந்தால் கொத்த வேண்டும், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்துவிட்டேன். பழைய கோட்டிலிருந்து ஒரு நூல் விலகாமல் ஒவ்வொன்றாகக் கொத்தினேன். குதிரைகள் பளிச்சென்று தெரிந்தன. மனைவி பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் பெரிய கொடுமை. வெள்ளைவெளேரென்று இருந்த கோடுகளை விரலால் தடவி, கணக்கப்பிள்ளையிடம் மெதுவாகப் பேசினார். கணக்கப்பிள்ளையின் முகம் செத்துவிட்டது.

"புது வேலையாத் தெரியுதுன்னு சொல்றாருப்பா. உளி பட்ட எடத்த வச்சு இனிமே ஒண்ணும் நிரூபிக்க முடியாதாம்."

"ஐயோ, கோடெல்லாம் பழசுங்க! நான் கொத்துனதுதாங்க புதுசு!" என்று கத்தினேன். அது யாருக்கு உதவும்?

அதிகாரி பாறையைச் சுற்றி வந்து கீழ் மூலையில் குனிந்தார். அங்கே பாசி படிந்து ஒரே ஓர் ஈட்டிக்காரன். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். எல்லாம் இப்படியே இருந்திருந்தால் இந்தப் பாறையை யாரையும் தொடவிட்டிருக்க மாட்டேன் என்றாராம். கணக்கப்பிள்ளை அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு ஆட்கள் வந்து அந்த மூலையை மட்டும் அறுத்தெடுத்து, வைக்கோல் சுற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் மற்றதற்கு வெடி வைத்தார்கள். சத்தத்தில் பிள்ளை வீரிட்டு அழுதான். இன்னும் முடி இறக்காத தலை. அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"அந்த ஒருத்தர மட்டும் ஏங்க கொத்தாம விட்டீங்க?"

"மழை வந்துருச்சு," என்றேன்.