காமாட்சி பெயரில் ஓர் ஆர்டர்

தையல்நாயகிக்கு வயது 43. அதில் 17 வருடம் நின்றே கழிந்தது. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலை. சட்டப்படி கடையில் முக்காலி உண்டு. முகூர்த்த மாதத்தில் அதில் உட்கார நேரம்தான் கிடைக்காது. சாயங்காலம் செவிலிமேடு டவுன் பஸ்ஸில் ஏறும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தன்னை இழுத்துக்கொள்வார். முழங்கால் அப்படி.

தை பிறந்ததும் கடைக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. கொள்முதல், இருப்பு, பில், டெலிவரி எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தது. ஓரிடத்தில் தட்டினால் நாலு இடத்தில் மாறும். அதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றார் முதலாளி ராமராஜன். அந்த வேலைக்கு நாற்காலி உண்டு. பத்தாம் வகுப்போடு நின்ற தையல்நாயகி கையைத் தூக்கினார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். சரிவரலன்னா பழையபடி கவுன்டருதாம்மா."

சென்னையிலிருந்து சுகாசினி என்ற பெண் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். மிச்சமெல்லாம் போனில். மவுஸ் மேஜையை விட்டு அடிக்கடி விழுந்தது. கவுன்டரில் புடவை காட்டும் கமல், "அக்கா, உன் எடத்தத் தொடச்சி வெச்சிருக்கேன், வந்துடு" என்று கத்துவான்.

முதல் நாள் நல்ல நேரம் பார்த்து, முதல் ஆர்டரை அம்மன் பெயரில் போடச் சொன்னார் முதலாளி. வாடிக்கையாளர்: காமாட்சி அம்மன். தையல்நாயகி ஒரு புடவையைத் தேர்ந்து சேமித்தார். கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினார்கள். பிறகு எல்லோரும் அதை மறந்துபோனார்கள். சாஃப்ட்வேர் மறக்கவில்லை.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை, நல்ல கூட்டம். திருமுக்கூடலிலிருந்து வந்த அங்கம்மாள் மகள் கல்யாணத்துக்கு அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட புடவையை எடுத்தார். கைத்தறியில் அப்படி ஒன்றுதான் இருந்தது. பில் போட்டால் திரையில் சிவப்புக் கட்டம்: 'இப்புடவை வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.' பில் இல்லாமல் புடவை வாசலைத் தாண்டாது.

"யாரும்மா அது? நான் பேசிக்கிறேன் அவங்களாண்ட," என்றார் அங்கம்மாள்.

தையல்நாயகி பெயரைத் திறந்து பார்த்தார். "காமாட்சி அம்மன்."

கூட்டம் சிரித்தது. ராமராஜன் சிரிக்கவில்லை.

"நெசப் பொடவய வெச்சிப் போடச் சொல்லி யாரும்மா சொன்னது?"

"நீங்கதான் சார். நல்லதா ஒண்ணு போடுன்னீங்க."

சுகாசினியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள். "சிம்பிள்க்கா. ஆர்டரக் கேன்சல் பண்ணிடுங்க."

"அம்மன் ஆர்டரக் கேன்சல் பண்றதா?" ராமராஜன் பதறினார். "நான் கடை நடத்திக்கினு இருக்கணுமா, வேணாமா? கைய எடும்மா."

கவுன்டரில் கமல் துணியால் பலகையைத் துடைத்துக் காட்டினான். தையல்நாயகி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கவுன்டரில் தினமும் பார்த்தது நினைவுக்கு வந்தது: எடுத்து வைத்ததை அப்புறம் வேண்டாம் என்று சொல்லி, வேறு காட்டச் சொல்லும் வாடிக்கையாளர்கள்.

"சுகாசினி, ஆர்டர் இருக்கட்டும்மா. பொடவய மட்டும் மாத்த முடியுமா?"

"டெலிவரி போடாதவரைக்கும் முடியும்க்கா. எடிட் போங்க."

"எது போடட்டும் சார்?"

ராமராஜன் அலமாரியைப் பார்த்தார், தயங்கினார். "அந்த மாம்பழக் கலரு. அதுவும் நல்ல பொடவதான்."

தையல்நாயகி அந்தப் புடவையின் எண்ணைத் தட்டினார். சேமி. சிவப்புக் கட்டம் போய்விட்டது. பிரின்டர் பில்லைத் துப்பியது.

"அம்மனுக்கு வெச்சிருந்தது எம் பொண்ணுக்கு வந்துச்சி. இன்னா வேணும் இதுக்கு மேல?" அங்கம்மாள் பையை அணைத்துக்கொண்டு கிளம்பினார்.

தையல்நாயகி நெற்றியைத் துடைத்தார். இவ்வளவு நேரமும் நின்றபடியே தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒக்காரும்மா," என்றார் ராமராஜன். "ஒக்காந்தே பாரு. அது ஒன் சேருதான்."

அம்மன் ஆர்டரை டெலிவரி கொடுத்து முடிக்காமல் மாதக் கணக்கை மூட முடியாது என்று சுகாசினி சொல்லியிருக்கிறார். நாளைக் காலை மாம்பழ நிறப் புடவை காமாட்சி கோயிலுக்குப் போகிறது. டெலிவரி என்ட்ரியைத் தையல்நாயகி போடுவார்.