எல்கடுவப் பனியும் முந்நூறு அட்டைகளும்

போன சனிக்கிழமை என் கம்பியூட்டர் புரோகிராம் குளிர்காய்ந்தது. விளையாட்டில்லை... நிஜமாகத்தான்.

நான் கொழும்பில் புரோகிராம் எழுதுபவன். ஒரு வரிக்கு ஒரு காகித அட்டை, அட்டை நிறைய ஓட்டைகள். அந்த ஓட்டைகளைப் படித்துத்தான் மெஷின் வேலை செய்யும். மலைநாட்டு மழை அளவுகளைக் கூட்ட நான் எழுதியது முந்நூறு அட்டை. திங்கட்கிழமை காலை எனக்கு மெஷினில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். தவறவிட்டால் அடுத்த முறை எப்போதோ! ஒருதரம் சரிபார்க்கலாமென்று மலைநாட்டில் எல்கடுவவில் இருக்கும் தங்கை செல்வி வீட்டுக்கு அவற்றைக் கொண்டுபோனேன்.

இரண்டு நாள் விடாத பனி. ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை, தேயிலை இல்லை... வெள்ளை மட்டும். வீட்டுக்குள்ளும் அது மெல்ல நடமாடியது. கனவுக்குள் உட்கார்ந்து எழுதுவதுபோல் சுகமாக இருந்தது எனக்கு.

சனிக்கிழமை மதியம் அட்டைகளைப் பெட்டியில் அடுக்கினேன். மூடி மூடவில்லை!

செல்வி தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள்; தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். ஓர் அட்டையை எடுத்து விரலால் நீவினாள்.

"ஈரம் குடிச்சிருக்குண்ணே. ஊதிப்போச்சு."

"ஓட்டையெல்லாம் அப்படியேதானே இருக்கு? அப்புறம் என்ன?"

"மெஷின் இத எப்படி உள்ள எடுக்கும்? உருளை வச்சு இழுக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக எழுதுகிறேன்... மெஷின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம். ஆபரேட்டரிடம் அட்டையை நீட்டுவேன், விடைத்தாளை வாங்குவேன். அவ்வளவுதான்.

"இழுக்குற மெஷின்னா சிக்கிக்கும். ஸ்டோருக்கு வாங்க."

அங்கே பொறுப்பாக இருக்கும் டீமேக்கரிடம் அனுமதி கேட்டு, தேயிலை உலர்த்தும் அறைக்கு அழைத்துப் போனாள். அடுப்புப் பக்கம் வைக்கப்போன என் கையைப் பிடித்தாள்.

"அங்க வேணாம். சுருண்டுரும்."

வெதுவெதுப்பான சுவரோரம், வரிசை கலையாமல் சிறு சிறு கட்டாக நிறுத்தினோம். தேயிலை வாசனையில் நேரம் போனதே தெரியவில்லை. பிறகு, தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாளில் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஆபரேட்டரிடம் கேட்டேன். "உள்ள வந்து பாக்கலாமா?"

அவர் கதவைத் திறந்தார்.

ரப்பர் உருளை அட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தது. தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் சத்தம். முந்நூறும் சிக்காமல் போயின. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதன்பின் மழைக் கணக்குப் பதிந்திருந்த காந்த டேப் சுழன்றது... நின்றது... முழுக்கப் பின்னால் ஓடியது. மறுபடியும். மறுபடியும்.

"ஏன் இப்படித் திரும்பத் திரும்ப ஓடுது?"

"நீங்க எழுதின ஒரு வரிதான் சேர். ஒவ்வொரு ஊருக்கும் முதல்ல இருந்து தேடச் சொல்லியிருக்கீங்க."

அன்றைக்கே அந்த வரியை மாற்றினேன்.

நாம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம்... சுற்றிச் சாவது மெஷினல்லவா!